சூரைச் செடியின் கீழ் ஓர் அகதி

பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
வாசகங்கள்: 1 அரசர்கள் 19:4-8, எபேசியர் 4:30–5:2, யோவான் 6:41-51
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்றைய முதல் வாசகத்தில், உயிருக்கு அஞ்சி ஓடிவந்த ஒரு மனிதரைப் பார்க்கிறோம். அவர் இறைவாக்கினர் எலியா. ஈசபேல் அரசி அவரைக் கொல்லப்போவதாகச் சொல்லி அனுப்புகிறாள். அவளுடைய கைக்கெட்டாத இடத்திற்கு, யூதா நாட்டின் தென்கோடியில் உள்ள பெயேர்செபாவுக்கு, அவர் ஓடுகிறார். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம். எல்லை கடந்துவிட்டார், உயிர் தப்பிவிட்டது. இனி நிம்மதியாக இருக்கலாம் அல்லவா? ஆனால் அங்கேதான் அவர் உடைந்துபோகிறார். கூடவே வந்த பணியாளனைப் பெயேர்செபாவிலேயே விட்டுவிட்டு, தன்னந்தனியாக ஒரு நாள் தூரம் பாலைநிலத்திற்குள் நடக்கிறார். ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, என் உயிரை எடுத்துவிடும் என்று ஆண்டவரிடம் கேட்கிறார்.

இந்தப் பகுதியை வாசிக்கும்போது அதற்கு முந்தைய அதிகாரத்தை மறந்துவிடக் கூடாது. இதே எலியாதான் கர்மேல் மலையில் பாகாலின் 450 பொய்வாக்கினர் முன் ஒற்றை ஆளாக நின்றவர். இவரிடம் நம்பிக்கை குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? முடியாது. நம்பிக்கை உள்ளவர் மனம் உடைவதில்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். திருவிவிலியம் அப்படிச் சொல்லவில்லை. நம்பிக்கையின் மாமனிதர் ஒருவர் சாக விரும்பியதை மறைக்காமல் எழுதி வைத்து, அதை நம் பீடத்தில் நின்று வாசிக்கவும் செய்கிறது.

அன்பார்ந்தவர்களே, எனக்கே நேர்ந்த ஒரு தவற்றை இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஒரு பங்கில் இருந்தேன். ஆலயத்திலிருந்து நடக்கும் தொலைவில் இலங்கைத் தமிழர் முகாம். அங்கிருந்து முப்பது குடும்பங்களுக்கு மேல் திருப்பலிக்கு வருவார்கள். பங்குத் திருவிழா. இரவு தேர்பவனி புறப்பட்டதும் வழக்கம்போல அதிர்வேட்டுப் போட்டார்கள். முதல் வேட்டுச் சத்தத்திலேயே முகாமிலிருந்து வந்திருந்த ஒரு பெண், தன் மகளை இழுத்துக்கொண்டு ஆலயத்திற்குள் ஓடினார். பெஞ்சுக்கு அடியில் மகளைத் தள்ளி, அவள்மீது தாம் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். எழுப்பப் போனவர்களை அடித்தார். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களை அவர் பார்க்கவில்லை. உடம்பு முழுக்க நடுக்கம், வியர்வை. ஊரார் கூடிவிட்டார்கள். "சாமி, இது பேய்க் கோளாறு மாதிரி இருக்கு, தீர்த்தம் தெளிச்சுச் செபிச்சு விடுங்க" என்றார்கள். நானும் செபித்தேன். அரை மணி நேரத்தில் அவர் தெளிந்தார். ஊரார் முன்னிலையில் கூனிக்குறுகி நின்றார்.

மறுநாள் அவரை வரச்சொல்லிப் பேசினேன். 1990இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் வந்தவர். அப்போது அவருக்கு வயது ஒன்பது. அம்மாவும் தம்பியும் அவரும் ஒரு படகில் ஏறினார்கள். அப்பா, வயதான பாட்டியைக் கூட்டிக்கொண்டு அடுத்த படகில் வருவதாகச் சொன்னார். அந்தப் படகு வரவேயில்லை. நான் கேட்டுவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா. பழசை மறந்துருங்க. ஆண்டவர்கிட்ட விட்டுட்டு செபமாலை சொல்லுங்க." அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு எட்டு மாதம் ஆலயத்திற்கே வரவில்லை.

நம் பங்கில் பணியாற்றிய அருட்சகோதரி ஒருவர், செவிலியர், மனநல ஆலோசனையில் பயிற்சி பெற்றவர், அவரைத் தேடிப் போனார். ஒன்றும் கேட்காமல், வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்திருந்து தேநீர் குடித்துவிட்டு வந்தார். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ அந்தப் பெண் பேசினார். பிறகு ஒரு நாள் என்னிடமும் வந்து சொன்னார்: "பாதர், நீங்கள் மறக்கச் சொன்னீங்கள். நானும் மறந்துபோனால் எங்கட அப்பாவை ஆர் நினைக்கிறது?"

எனக்குப் பதில் இல்லை. அவருக்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. அவருடைய அப்பாவை இன்னொரு முறை கடலில் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. வெளியே பேசியது, சொல்லலாம் என்று அவரே அனுமதி தந்தது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அந்த இரவு அவருக்கு நேர்ந்தது பேய்க் கோளாறு இல்லை என்பதை இன்று நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனித உடலுக்குள் ஆண்டவர் ஓர் எச்சரிக்கை மணியை வைத்திருக்கிறார். ஆபத்து என்றதும் அது அடிக்கிறது; இதயம் வேகமாகத் துடிக்கிறது; கால்கள் ஓடத் தயாராகின்றன. உயிரைக் காப்பதற்காகத் தந்த கொடை அது. ஆபத்து நீங்கியதும் மணி நின்றுவிடும். ஆனால் தாங்க முடியாத பேரதிர்ச்சியைச் சந்தித்த சிலருக்கு அந்த மணி முழுவதும் நிற்பதில்லை. ஒரு வேட்டுச் சத்தம், தாழப் பறக்கும் ஒரு ஹெலிகாப்டர், மண்ணெண்ணெய் வாடை போதும். மூளை அதை நினைவாக எடுத்துக்கொள்வதில்லை, இப்போது நடப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. இரவில் கெட்ட கனவு. சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுதல். நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்த்தல். யாரோடும் ஒட்டாமல் மரத்துப்போதல். 1980இல்தான் மருத்துவ உலகம் இதற்கு முறையாக ஒரு பெயர் கொடுத்தது. பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனஅழுத்த நோய் என்று நாம் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் இதை 'மனவடு' என்கிறார்கள். உடலில் காயம் ஆறினாலும் தழும்பு இருப்பதுபோல, மனத்தில் இருக்கும் தழும்பு.

போர் நடந்த பகுதிகளில் வாழ்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் கணித்திருக்கிறது. இதில் இரண்டு செய்திகள் உண்டு. பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருவர் அல்லர் என்பது ஒன்று. பெரும்பான்மையோர் குடும்பம், உறவு, செபம், வேலை ஆகியவற்றின் துணையால் மெல்ல எழுந்துவிடுகிறார்கள் என்பது மற்றொன்று. எல்லா அகதிகளும் மனநோயாளிகள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

நம் மண்ணின் கதையையும் சற்று நினைத்துப் பாருங்கள். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பிறகு அலை அலையாக மக்கள் தனுஷ்கோடிக்கும் இராமேஸ்வரத்திற்கும் வந்து இறங்கினார்கள். 1990இல் ஓர் அலை, 1995க்குப் பிறகு ஓர் அலை, 2006க்குப் பிறகு மற்றோர் அலை. மொத்தம் மூன்று இலட்சம் பேருக்கு மேல். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனாலும் 2022இல் இலங்கையில் அரிசிக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, அரிச்சல்முனைப் பக்கத்து மணல் திட்டுகளில் குழந்தைகளோடு மறுபடியும் குடும்பங்கள் நின்றன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அந்தக் குறுகிய கடலைக் கடக்க ஒரு வாழ்வின் விலையைக் கொடுத்தவர்கள் பலர்.

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர் வாழ்கிறார்கள். 2021இல் அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. புதிய வீடுகளும் கட்டித் தரத் தொடங்கியது. நன்றியோடு சொல்ல வேண்டிய செய்தி. ஆயினும் ஒரு தலைமுறை பத்துக்குப் பத்தடி அறைகளில் பிறந்து, அங்கேயே பெரியவர்களாகி, திருமணமும் முடித்துவிட்டது. இங்கே பிறந்தும், நான் எந்த நாட்டுக் குடிமகள் என்ற கேள்விக்கு விடையில்லாமல் இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மனநலம் பற்றிப் பேசுகையில் இதை ஏன் சொல்கிறேன்? குண்டு விழுந்த நாள் மட்டும் மனத்தை உடைப்பதில்லை. காத்திருப்பும் உடைக்கிறது. என்றைக்குத் திரும்புவோம், திரும்புவோமா, இங்கேயே இருக்க விடுவார்களா என்று தெரியாமல் முப்பது, நாற்பது ஆண்டுகள் இருப்பது மெதுவாகக் கொல்லும் வலி. பகலில் பெயிண்டர் வேலைக்குப் போய், இரவில் குடித்துவிட்டுக் கிடக்கும் ஆண்களைப் பார்த்து நாம் ஏளனம் பேசுகிறோம். தூங்க முடியாததால் குடிக்கிறேன் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. குடி அவர்கள் வீட்டை அழிக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குடிக்குக் கீழே ஒரு காயம் இருக்கிறதா என்று நாம் கேட்டதுண்டா?

யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஒன்றைத் தொடர்ந்து சுட்டிக்காட்டியிருக்கிறார். போர் தனி ஆளை மட்டும் காயப்படுத்துவதில்லை; குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது. ஒருவர்மீது ஒருவருக்கு இருந்த நம்பிக்கை போகிறது. கோயில், சந்தை, திருவிழா, செத்த வீட்டுச் சடங்கு என்று மனிதரைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கங்கள் அறுந்துபோகின்றன. ஆகவே குணமாக்கும் வேலையும் மருத்துவர் அறைக்குள் மட்டும் நடக்காது. ஊரோடு சேர்ந்து நடக்க வேண்டும். பங்குச் சமூகமாகிய நமக்கு இதில் வேலை இருக்கிறது என்று நான் சொல்வது அதனால்தான்.

இப்போது எலியாவிடம் திரும்புவோம். இறைவாக்கினரை ஒரு நோயாளியாக எடுத்துக்கொண்டு நோய்க்குப் பெயர் வைப்பது என் நோக்கமன்று. ஆண்டவர் அவரை எப்படி நடத்தினார் என்பதை மட்டும் கவனிப்போம்.

முதலாவதாக, ஆண்டவர் அவரைக் கண்டிக்கவில்லை. சாக விரும்புவது பாவம் என்று சொல்லவில்லை. கர்மேலில் நான் செய்ததை மறந்துவிட்டாயா என்று கேட்கவில்லை. எலியா தூங்கிவிடுகிறார், ஆண்டவர் தூங்க விடுகிறார். பிறகு வானதூதர் தட்டி எழுப்புகிறார். தலைமாட்டில் சூடான அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். ஒருமுறை உதவினோமே, இன்னும் எழவில்லையே என்று வானதூதர் சலித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறையும் வருகிறார், தட்டுகிறார், உணவு தருகிறார். போக வேண்டிய வழி நீண்டது, உன் பலத்தை மீறியது என்று அவருடைய களைப்பை ஏற்றுக்கொள்கிறார்.

உலக நலவாழ்வு நிறுவனமும் சில தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2011இல் பேரிடரில் சிக்கியவர்களுக்கான உளவியல் முதலுதவிக் கையேடு ஒன்றை வெளியிட்டன. அதன் சாரம் மூன்று செயல்கள். பார்த்தல், கேட்டல், இணைத்தல். யாருக்கு என்ன தேவை என்று பார்; பாதுகாப்பு, உணவு, தண்ணீர், ஓய்வு ஆகியவற்றை முதலில் கொடு. அவர் பேச விரும்பினால் கேள். பேச விரும்பாதவரை நச்சரிக்காதே. பிறகு உறவினரோடும் தேவையான உதவிகளோடும் அவரை இணைத்துவிடு. இதை வாசித்தபோது, சூரைச் செடியின் அடியில் வானதூதர் செய்தது இதுதானே என்று தோன்றியது. நானோ அந்தப் பெண்ணிடம் அப்பமும் தண்ணீரும் தருவதற்கு முன்பே உபதேசத்தைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவதாக, ஆண்டவர் கேட்கிறார். இன்றைய வாசகத்திற்கு அடுத்த பகுதியை வீட்டில் வாசித்துப் பாருங்கள். எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போகிறார். அங்கே ஒரு குகையில் ஒளிந்துகொண்டிருக்கும் அவரிடம், இங்கே என்ன செய்கிறாய் என்று ஆண்டவர் கேட்கிறார். எலியா தன் துயரத்தைக் கொட்டுகிறார். எல்லாரையும் கொன்றுவிட்டார்கள், நான் ஒருவன்தான் மிச்சம் என்கிறார். பிறகு பெருங்காற்று, நிலநடுக்கம், நெருப்பு, அதன்பின் மெல்லிய ஓசை. அப்போது ஆண்டவர் அதே கேள்வியை மறுபடியும் கேட்கிறார். எலியாவும் அதே பதிலை, சொல் மாறாமல், மறுபடியும் சொல்கிறார். இதை ஏற்கெனவே சொல்லிவிட்டாயே என்று ஆண்டவர் குறுக்கிடவில்லை.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? முகாமில் ஒரு பாட்டி தன் கதையைச் சொல்லத் தொடங்கினால், "இதத்தான் நூறு தடவ சொல்லிட்டீங்களே பாட்டி" என்கிறோம். மனவடு உள்ளவர்கள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், அல்லது ஒன்றுமே சொல்ல மாட்டார்கள். சொன்னால் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் அருட்சகோதரி தேநீர் குடித்த அந்த வாரங்கள் வீணானவையல்ல. அதுவும் மறைப்பணிதான்.

காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். இறந்துவிட்டார் என்றால் அழலாம், அடக்கம் செய்யலாம், முப்பதாம் நாள் பூசை வைக்கலாம். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாதபோது அழுவதே துரோகம்போல ஆகிவிடுகிறது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தங்கள் பிள்ளைகளின் படங்களோடு வீதியோரப் பந்தல்களில் அமர்ந்தார்கள். அவர்களில் பலர் விடை தெரியாமலேயே கண்மூடிவிட்டார்கள். அவர்களிடம் போய் மறந்துவிடுங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவதாக, எலியாவை ஆண்டவர் தனிமையில் விட்டுவிடவில்லை. நீ மட்டும் மிச்சமில்லை, இஸ்ரயேலில் இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்கிறார். எலிசாவைத் துணையாகத் தருகிறார். செய்வதற்குப் பணியும் தருகிறார். சாக நினைத்தவர் கையில் எதிர்காலத்தின் பொறுப்பை ஒப்படைக்கிறார்! அகதியை நாம் எப்போதும் வாங்குகிற கையாகவே பார்க்கிறோம். கிறிஸ்துமஸுக்குச் சேலை கொடுக்கிறோம், அரிசி கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் அவர்களை வாசகம் வாசிக்க அழைத்தோமா? பாடகர் குழுவில் சேர்த்தோமா? பங்குப் பேரவையில் ஓர் இடம் கொடுத்தோமா? கொடுக்கவும் தம்மிடம் ஒன்று இருக்கிறது என்று உணரும் மனிதர் குணமாகத் தொடங்குகிறார்.

இயேசு சபைத் தலைவராக இருந்த தந்தை பேத்ரோ அருப்பே மதரீதில் மருத்துவம் படித்தவர். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவின் புறநகரில் இருந்தார். அணுகுண்டு விழுந்ததும் நவதுறவிகள் இல்லத்தையே மருத்துவமனையாக மாற்றினார். பின்னாளில் வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பி வந்தவர்களின் நிலை அவரை உலுக்கியது. 1980 நவம்பர் 14 அன்று இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கினார். 1981 ஆகஸ்ட் 6 அன்று பாங்காக்கில், அகதிகளுக்காக உழைப்பவர்களிடம் செபத்தை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் உரோமைக்குத் திரும்பியதும் பக்கவாதத்தால் விழுந்தார். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் சரியாகப் பேச முடியாமல் வாழ்ந்தார். மருத்துவமும் செபமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று அவர் நினைத்ததில்லை. அதை நாமும் கற்றுக்கொள்ள வேண்டும்.

செபம் மட்டும் போதும், மாத்திரை வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். இதே இராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று என்ன நடந்தது என்பது நினைவிருக்கிறதா? குணம் தேடிக் கொண்டுவரப்பட்டு, சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். ஓட முடியவில்லை. இதை வைத்து எந்தச் சமயத்தையும் நாம் சுட்டிக்காட்ட முடியாது. நம் திருத்தலங்களிலும் மனநோயாளிகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற குடும்பங்கள் உண்டு. செபிப்போம், பூசிப்போம், மந்திரிப்போம். அதோடு மருத்துவரிடமும் கூட்டிப் போவோம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுவது நம்பிக்கைக் குறைவு இல்லையென்றால், மனநோய்க்குச் சாப்பிடுவதும் குறைவு இல்லை. மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மனாஸ் இலவச எண்ணுக்கு எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். எலியாவைப்போலச் சாவை விரும்பி, உண்மையாகவே உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பத்தினர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்குக் கோயில் அடக்கம் கிடையாது, மோட்சம் கிடையாது என்று யாரோ சொன்ன வார்த்தை உங்கள் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கலாம். பழைய திருச்சபைச் சட்டத்தில் அத்தகைய தடை இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அது இல்லை. கடுமையான மன வேதனையும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைத்துவிடுகின்றன. அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது. திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது. இதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2282, 2283 ஆகிய எண்களில் கற்பிக்கிறது. உயிர் அவருடைய கொடை. அதை அழிப்பது தவறு. ஆனால் உடைந்தவரைத் தீர்ப்பிடும் இடம் நமதன்று. நாட்டின் சட்டமும் 2018 முதல், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே எடுத்துக்கொண்டு, பராமரிப்பும் சிகிச்சையும் தரச் சொல்கிறது. இப்போது அந்த எண்ணத்தோடு போராடிக்கொண்டிருப்பவர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், சகோதரரே, சகோதரியே, இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்வது வெட்கமில்லை. எலியாவும் சொன்னார்.

நற்செய்தியைப் பாருங்கள். விண்ணிலிருந்து இறங்கி வந்த உணவு நானே என்று இயேசு சொன்னதும் மக்கள் முணுமுணுக்கிறார்கள். இவர் யோசேப்பின் மகன்தானே, இவருடைய தாய் தந்தையை நமக்குத் தெரியுமே என்கிறார்கள். தெரியும் என்று நினைத்ததால்தான் அவரை அறிய முடியாமல் போயிற்று. முகாம்காரர்களைப் பற்றியும் நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம். எட்டு ஆண்டு குருமடத்தில் இறையியல் படித்த நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கேள்வி என் படிப்பைத் திருத்தியது.

அந்தப் பங்கில் பிறகு மூன்று மாற்றங்கள் செய்தோம். தேர்பவனியில் அதிர்வேட்டை நிறுத்தினோம். முதல் ஆண்டு பெரிய வாக்குவாதம். வேட்டு இல்லாத திருவிழா திருவிழாவா என்று கேட்டார்கள். ஒரு வயதான மீனவர் எழுந்து, "புயல்ல என் மகன் போன பிறகு, காத்து அடிச்சாலே நான் தூங்குறதில்ல. அந்தப் பிள்ளைக்கு வேட்டு, எனக்குக் காத்து" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. இரண்டாவது, நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் நினைவு நாளில், கல்லறை இல்லாதவர்களுக்கும் காணாமல் போனவர்களுக்கும் என்று ஒரு மெழுகுதிரி ஏற்றி, அவர்களின் பெயர்களைப் பீடத்திலிருந்து வாசித்தோம். இறந்தார் என்றும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. ஆண்டவரே, உமக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னோம். மூன்றாவது, ஒவ்வோர் அன்பியமும் முகாமில் இரண்டு குடும்பங்களை மாதம் ஒருமுறை சந்திப்பது. உதவிப் பொருள் கொண்டுபோகக் கூடாது. தேநீர் குடித்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

முதல் ஆண்டு அந்தப் பட்டியலில் தன் அப்பாவின் பெயரையும் பாட்டியின் பெயரையும் எழுதிக் கொடுத்தார் அந்தப் பெண். நான் வாசித்தபோது அவர் அழவில்லை. பூசை முடிந்து வந்து, "பாதர், முப்பது வருசமாகப் போகுது, அப்பாட பேரை ஒராள் சத்தமாச் சொல்லி இண்டைக்குத்தான் கேட்டனான்" என்றார். அவருக்கு எல்லாம் குணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவரிடம் போகிறார், சில இரவுகள் இன்னும் தூங்குவதில்லை. ஆனால் அன்றிலிருந்து திருப்பலிக்கு வருகிறார். புதிதாக யாராவது முகாமுக்கு வந்தால், முதலில் தேநீர்க் குவளையோடு போய் நிற்பவர் அவர்தான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூலை 8 அன்று லாம்பதூசா தீவுக்குப் போனார். பதவியேற்றபின் உரோமைக்கு வெளியே அவர் மேற்கொண்ட முதல் பயணம் அது. கடலில் மாண்ட அகதிகளுக்காக நம்மில் யார் அழுதோம் என்று கேட்டார். நம் கரைக்கும் அதே கேள்விதான்.

இன்று நற்கருணையாக நம்மிடம் வரும் ஆண்டவர், எலியாவின் தலைமாட்டில் அப்பம் வைத்தவர். நீண்ட வழிக்கு உணவு அது. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில், சூரைச் செடியின் அடியில் யாராவது படுத்திருக்கிறார்களா என்று பார்ப்போம். தட்டி எழுப்புவோம். எழாவிட்டால் இன்னொரு முறை போவோம்.

மன்றாடுவோம். எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தின் ஆண்டவரே, வீடிழந்து, நாடிழந்து, உறவிழந்து, தூக்கமும் இழந்தவர்களை உம் கையில் ஏந்திக்கொள்ளும். காணாமல் போனவர்களின் பெயரை நீர் மறப்பதில்லை என்ற ஆறுதலை அவர்களுடைய வீட்டாருக்குத் தாரும். கேட்கும் செவியையும், சலிக்காத கால்களையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.